இன்னொரு தடவை

"படம் எல்லாம் சரியாத்தான் விழுது மேடம். ஒண்ணுலயும் உசுரு இல்ல."

சிதம்பரவேலுக்கு வயது நாற்பத்தாறு. இருபது வருடம் கல்யாணங்களை எடுத்துவிட்டு, இப்போது தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவர்களைப் படமெடுக்கிறார். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட புகைப்படக் கலைஞர் ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது இளையவள்.

"எனக்கு நானே வச்ச கெடுவுல இன்னிக்குத்தான் கடைசி நாள். இதுவும் போச்சுன்னா திங்கக்கிழமை மச்சான் மருந்துக்கடையில உக்காந்திருவேன்."

சொல்லிவிட்டுக் கேமராவோடு உப்புப் பாத்திக்குப் போனார்.

ஜெசிந்தா வரப்பில் உட்கார்ந்தாள். அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை கொட்டுங்கம்மா, வெளிச்சம் சரியில்ல."

உப்பு வாரும் முத்துப்பேச்சி கூடையை மறுபடி கொட்டினாள்.

"இன்னொரு தடவை."

"இது படத்துக்கா தம்பி, நெசத்துக்கா?"

கல்யாண வீட்டில் கட்டிய தாலியையே மறுபடி பிடிக்கச் சொன்ன வாய். அதற்கு இதெல்லாம் உறைக்கவா போகிறது?

ஜெசிந்தா எழுந்து வந்தாள். அவர் கேமராவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, பழைய கேமரா ஒன்றை அவர் கழுத்தில் மாட்டினாள்.

"இதுல பிலிம் இல்ல அண்ணாச்சி. சும்மா பழகுங்க."

"இருக்கிறதே ஒரு நாளுதான் மேடம்!"

"ஆமா."

அவருக்கு அழுகை வராத குறை. வேறு வழியில்லாமல் போய் நின்றார்.

இரண்டு முறை 'இன்னொரு தடவை' நாக்கு வரை வந்தது. வெறும் கேமராவுக்காக அந்தப் பொம்பளையைப் படுத்துவானேன் என்று விழுங்கிக்கொண்டார்.

மதியம் முத்துப்பேச்சி வரப்பில் உட்கார்ந்து, உப்பு அரித்த பாதத்தில் தண்ணீர் ஊற்றினாள். எரிச்சலில் முகம் சுளித்தாள். பக்கத்தில் இருந்தவள் என்னவோ சொல்ல, சுளித்த முகத்தோடே சிரித்துவிட்டாள்.

அவர் விரல் அழுத்தி முடித்திருந்தது.

சிதம்பரவேல் ஓடி வந்தார். "மேடம், இப்ப ஒண்ணு விழுந்துச்சு! பாவி நான், பிலிம் இல்லாமப் போச்சே!"

"இருக்கு," என்றாள் ஜெசிந்தா, அவர் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றிக்கொண்டே. "நாந்தான் போட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியது.

"ஐயோ, வெளிச்சம் பாக்கலயே! போகஸ் வேற... அந்தம்மாவை இன்னொரு தடவை ஊத்தச் சொல்லி..."

ஜெசிந்தாவின் கட்டைவிரல் கேமராவின் பின்மூடியில் போய் நின்றது. திறந்தால் அந்த வெயிலில் அத்தனை படமும் வெளுத்துப்போகும்.

"சொல்லுங்க அண்ணாச்சி. இன்னொரு தடவையா?"

சிதம்பரவேல் கேமராவைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.