உடன்படிக்கை வாசிக்கும் நாள்

"அந்தப் புள்ளைங்க அப்படி என்னத்தக் கிழிச்சிட்டாங்கம்மா?" என்று கேட்டான் திருமேனி.

குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே இருப்பது ஒரே ஏரி. அந்தத் தண்ணீருக்காக இரண்டு ஊரும் அடித்துக்கொண்டதில் நான்கு பேர் செத்துப்போனார்கள். பிறகு குருவம்மாவின் மடத்தில் உட்கார்ந்து சமாதானம் பேசி, உடன்படிக்கை எழுதினார்கள். அது நடந்து இருபது வருடம் ஆகிறது. எழுதியது சீடன் திருமேனி. ஆண்டுதோறும் அந்த நாளில் இரண்டு ஊரையும் கூட்டி வைத்து அதை உரக்க வாசிப்பவனும் அவன்தான்.

இந்த வருடம் வாசிக்கச் சொல்லி குருவம்மா அழைத்தது செவந்தியையும் மாயழகையும். அவள் வடகரை, அவன் தென்கரை. இருவருக்கும் வயது பதினேழு.

"சண்டை நடந்தப்ப ரெண்டும் பொறக்கவே இல்ல."

"ஆமா."

"அரிவாளும் கம்புமா நின்னவங்க நடுவுல ஓடி ஓடி, ரெண்டு ஊரையும் இங்க கூட்டிட்டு வந்தவன் நான். காகிதத்துல என் பேருகூடக் கிடையாது. வாசிக்கிறதுதான் மிஞ்சியிருந்துச்சு."

"ம்."

"நேத்து அந்த மாயழகு வந்து, 'ஐயா, இது என்ன எழுத்து'ன்னு கேட்டான். கண்ணாடி இல்ல, தெரியலன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"கண்ணாடி எங்க இருந்துச்சு?"

"மூக்கு மேலதான்."

"வயிறு எரியுதா?"

திருமேனி பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தான். குருவம்மாவிடம் அது செல்லாது.

"எரியுதும்மா."

"சரி. அவங்க வாசிக்கட்டும். அப்புறம் சண்டை நடந்த கதைய நீ சொல்லு."

திருமேனி அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

சாயங்காலம் மடத்து முற்றத்தில் பெரிய ஜமக்காளம் விரித்திருந்தார்கள். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் யார் எந்த ஊர் என்று தெரியாதபடி கலந்து உட்கார்ந்திருந்தார்கள்.

செவந்தி ஒரு வரி வாசித்தாள். மாயழகு அடுத்த வரி. மூன்றாவது முறை அவன் தடுமாற, அவள் முழங்கையால் இடித்தாள். கூட்டம் சிரித்தது.

இத்தனை வருடத்தில் திருமேனி வாசித்து ஒருவரும் சிரித்ததில்லை. கொட்டாவிதான் விட்டிருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசித்து முடித்த இருவரும் கூட்டத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். திருமேனி எழுந்தான்.

நன்றாகவே சொன்னான், அதில் குறை சொல்ல முடியாது. மடையை முதலில் உடைத்தது எந்த ஊர், முதல் அடி யார் தலையில் விழுந்தது, வைக்கோல் போருக்குத் தீ வைத்தது யார் வீட்டு ஆள் என்று ஒன்று விடாமல் சொன்னான். செத்தவர்கள் பெயரைச் சொன்னான். அடித்தவர்கள் பெயரையும் சொன்னான்.

ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு தலை நிமிர்ந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை, யாரும் கொட்டாவி விடவில்லை. திருமேனிக்கு அது பிடித்திருந்தது. இனி தான் ஓடிவந்து நடுவில் நின்ற கட்டம்தான் பாக்கி.

"அப்பத்தான் நான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான்.

ஜமக்காளத்தின் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு ஒருவரும் இல்லை. பிள்ளைகள் எப்போது நகர்ந்தார்கள் என்று அவன் கவனிக்கவில்லை. செவந்தி இந்தப் பக்கம் இருந்தாள். மாயழகு அந்தப் பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருமேனி முற்றத்து ஓரம் உட்கார்ந்திருந்த குருவம்மாவிடம் போய்க் குனிந்தான்.

"ஏம்மா என்னப் பேச விட்டீங்க?"

"கதை இன்னும் முடியலயே," என்றார் குருவம்மா.

நடுவில் வெறுமையாகக் கிடந்த ஜமக்காளத்தைக் கையால் காட்டினார்.

"அங்க போய் உக்காந்து மிச்சத்தச் சொல்லு."