ஏழாவது வளைவில் ஒரு பாலம்

விஜயரங்கம் கேட்டது சின்னக் கேள்வி. பழையதா, புதியதா?

கோவையில் பம்ப் செட் கம்பெனி நடத்தி, அதை மூத்த மருமகன் கையில் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். வயது அறுபத்து மூன்று. அவரிடம் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் இருந்தன. ஒன்று, இத்தாலியில் செய்த சிவப்பு வண்டி. பிறந்த வருஷம் 1973. எண்பத்து நாலில் சென்னையில் ஒரு வெளிநாட்டுத் தூதரிடம் வாங்கியது. மற்றது, இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய சாம்பல் நிற வண்டி. புத்தம் புதுசு. சாவி கூடச் சொருக வேண்டியதில்லை.

மாதக் கடைசியில் அவர் சென்னைக்கு, இளைய மகளின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறார். அங்கே வீட்டுக்கு ஒரு கார்தான் நிறுத்தலாம். மகள் தன் காரைத் தெருவில் விட்டுக்கொள்வதாகச் சொல்லி அந்த இடத்தை அப்பாவுக்குக் கொடுத்திருந்தாள். அதற்கு மேல் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

கொச்சியில் ஒரு டாக்டர், இரண்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கத் தயார் என்றார். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் பெங்களூரில் வேறொரு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். அவரைப் போல ஓட்டுவதற்காக வாங்குகிறவர் இன்னொருவர் கிடைப்பது கஷ்டம். சிவப்பு வண்டியைக் கேட்டு வந்த மற்றவர்களில் ஒருவர் அதை ஓட்டல் வாசலில் நிறுத்திப் பூந்தொட்டி வைக்க ஆசைப்பட்டார்.

விஜயரங்கம் டீச்சரிடம் போனார்.

டீச்சர் பெயர் பிலோமினா. வயது முப்பத்தெட்டு. ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில் வேகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். சாம்பல் வண்டி வாங்கிய வாரம் விஜயரங்கம் அவரிடம் சேர்ந்தார். புது வண்டியில் கிளட்ச் கிடையாது. முதல் நாள், நாற்பது வருஷப் பழக்கத்தில் அவருடைய இடது கால் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. டீச்சரின் கறுப்புக் கண்ணாடி பறந்து முன்கண்ணாடியில் மோதி விழுந்தது. அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே டீச்சர் சொன்னார். "கம்பெனிய மருமகன்கிட்ட குடுத்த மாதிரி, இடது காலுக்கும் ஓய்வு குடுத்துருங்க சார்."

அன்றிலிருந்து அவர் சொல்வதுதான் விஜயரங்கத்துக்கு வேதவாக்கு.

"ஒரே ஒரு கேள்விங்க டீச்சர். எதை வச்சுக்கட்டும்?"

"ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டீங்களா?"

விஜயரங்கம் சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்டீங்க போங்க. ஒண்ணை நாப்பது வருசமா ஓட்டறேன். இன்னொண்ணை நீங்கதானே ஓட்டவே சொல்லிக் குடுத்தீங்க."

டீச்சர் வேறொன்று கேட்டார்.

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ரோடு எது?"

அவர் யோசிக்கவே இல்லை. "கருங்கல் எஸ்டேட் ரோடுங்க."

வால்பாறைக்குப் போகிற வழியில் பிரியும் தேயிலைத் தோட்டத்துச் சாலை அது. ஆறு கிலோமீட்டர், பதினோரு வளைவு. எண்பத்தொன்பதில் அங்கே ஒரு கார் ராலி நடந்தது. சிவப்பு வண்டியில் விஜயரங்கம் ஓட்ட, பக்கத்தில் குலாம் மைதீன், முன்கூட்டியே எழுதி வைத்த நோட்டைப் பார்த்து அடுத்த வளைவு எப்படி என்று வழி சொல்ல, இருவரும் முதலாவதாக வந்தார்கள். குலாம் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த நோட்டு இன்னும் சிவப்பு வண்டியின் டேஷ்போர்டு அறையில்தான் இருக்கிறது.

"அப்ப சனிக்கிழமை அங்கயே வாங்க" என்றார் டீச்சர். "ரெண்டையும் கொண்டாங்க."

எஸ்டேட் மேனேஜர் பழைய பழக்கம். பத்து மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வேறு வண்டி வராமல் கேட்டைச் சாத்தி வைக்க ஒத்துக்கொண்டார்.

முதலில் சாம்பல் வண்டி. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். "போட்டி இல்லை. அறுபதைத் தாண்ட வேண்டாம்" என்றார். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. வளைவு வந்தால் அதுவே வேகத்தைத் தாங்கிக்கொண்டது. கியரை அதுவே மாற்றிக்கொண்டது. திரையில் எண்கள் ஓடின. மேலே இலை எடை போடும் கொட்டகை முன்னால் வண்டி நின்றபோது விஜயரங்கத்தின் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"வழியில என்ன பாத்தீங்க?"

"ஆறு நிமிசம் நாப்பது செகண்டுங்க. டயர் காத்து நாலுலயும் சமம். எஞ்சின் சூடு..."

"அது வண்டி பாத்தது. நீங்க?"

அவர் முகவாயைத் தடவினார். மூன்றாவது வளைவில் குடை பிடித்துக்கொண்டு யாரோ நின்ற மாதிரி இருந்தது. அதுவும் நிச்சயமில்லை.

"ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க டீச்சர்" என்றார். சொன்ன பிறகு அவர் முகம் தெளிந்தது. "அதுதானுங்க விசயமே. இதுல உசுரு இல்லை. கெளம்பின இடமும் சேந்த இடமும்தான் தெரியுது. இப்ப அதுல வாங்க, காட்டறேன்."

சாம்பல் வண்டியிலேயே கீழே இறங்கி வந்தார்கள். சிவப்பு வண்டி மர நிழலில் நின்றது. விஜயரங்கம் சோக்கை இழுத்தார், இரண்டு தடவை ஆக்சிலேட்டரை மிதித்தார், மூன்று எண்ணினார், பிறகு சாவியைத் திருப்பினார். முதல் தடவை இருமியது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. பெட்ரோல் வாசனை உள்ளே நிறைந்தது. ஸ்டியரிங் சக்கரத்தில் அவர் கட்டை விரல் படும் இடத்தில் தோல் தேய்ந்து பளபளத்தது.

"பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும். கதவைத் தூக்கிச் சாத்துங்க டீச்சர்."

"தூக்கியாச்சு."

"குலாம் எப்பவும் ரெண்டு தடவை சாத்துவான்."

வண்டி கிளம்பியது. டீச்சரின் மடியில் நோட்டு இருந்தது, ஆனால் அவர் அதைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியும் இருக்கவில்லை. விஜயரங்கமே சொல்லிக்கொண்டு போனார், குலாமின் கட்டைக் குரலில். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு திசை, அது எவ்வளவு கடுமை என்பதற்கு ஓர் எண்.

"ரைட் நாலு, இறுகும். நூறு மீட்டர். லெப்ட் ரெண்டு, உள்ள வெட்டாதே. தைல மரம். ரைட் மூணு..."

கால்கள் மூன்று மிதிகளிலும் தாமாகவே விளையாடின. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஏழாவது வளைவு திரும்பியதும் குரல் உயர்ந்தது. "பாலம். லெப்ட்ல ஒடைசல். ரைட்ல ஒட்டு, ஒட்டு." வண்டியை வலது ஓரத்துக்குத் தள்ளினார். சக்கரம் எதிலோ ஏறி ஒரு குதி குதித்து இறங்கியது. டீச்சர் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். விஜயரங்கம் வாய்விட்டுச் சிரித்தார்.

கொட்டகை முன்னால் எஞ்சினை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. கண் ஓரம் ஈரமாக இருந்தது.

"கேளுங்க டீச்சர். என்ன பாத்தேன்னு கேளுங்க."

"சொல்லுங்க."

"ரெண்டாவது வளைவுல தைல மரம், வரிசையா ஏழு. அஞ்சுல ஒரு சுனை, தண்ணி ரோட்டுக்கே வரும். ஏழு தாண்டினா அந்த ஒடைஞ்ச பாலம். லெப்ட் கைப்பிடிச் சுவர் பாதி இருக்காது. பாலம் முடியற எடத்துல ஒரு மேடு. அன்னைக்கு அதுல வண்டி குதிச்சு, குலாம் தலை கூரையில இடிச்சு, நோட்டைக் கீழ விட்டுட்டான். ஆனா வாய் நிக்கலை. மனப்பாடமா சொல்லிட்டே வந்தான். இன்னைக்கும் குதிச்சுது பாத்தீங்களா? முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு, அதே குதி."

விஜயரங்கம் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"இனி யோசிக்கவே வேண்டாமுங்க. டாக்டர் சாம்பலை எடுத்துக்கட்டும்."

மணி பத்தரை.

"அந்தப் பாலத்தைக் காட்டுங்க" என்றார் டீச்சர்.

"வண்டியிலயே போலாமுங்க."

"நடந்தே போவோம். இறக்கந்தானே."

நடந்தார்கள். பத்தாவது வளைவு, ஒன்பது, எட்டு. எட்டுக்குக் கீழே சாலை அகலமாக, சமமாக, நேராக ஓடியது. இரண்டு பக்கமும் தேயிலை. பாலத்தைக் காணோம். ஓரத்தில் ஒரு கல் நட்டிருந்தது. அதில் 2004 என்று செதுக்கியிருந்தது.

கல்லுக்குப் பக்கத்தில் இலை பறிக்கும் பெண் ஒருத்தி நின்றாள். இடுப்பில் சாக்கு கட்டியிருந்தாள். கையில் அப்பளமாக நசுங்கிய தூக்குபோசி. தக்காளிச் சோறு வழிந்து தார் ரோட்டில் கிடந்தது.

"இதுக்குப் பேரு ஸ்போர்ட்ஸ் காருங்களா?" என்று கேட்டாள்.

விஜயரங்கம் போசியைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். "இங்க ஒரு பாலம் இருந்துச்சே" என்றார்.

"எம்மக பொறக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. அவ இப்ப காலேஜு போறா." அவள் போசியின் மூடியைத் திறக்கப் பார்த்தாள். வரவில்லை. "காலைல ஒரு சாம்பல் வண்டி போச்சு. அது பாட்டுக்கு நேராப் போச்சு. அந்தச் செவப்பு வண்டிக்கு என்ன வந்துச்சுன்னு தெரியலை, இத்தாம்பெரிய ரோட்டை விட்டுப்போட்டு எம் போசி மேல ஏறிப் போகுது. நான் மேல பாத்தியில நின்னேன். சிரிச்சுக்கிட்டே போனீங்க."

கீழே நிற்கும் சாம்பல் வண்டியில் விஜயரங்கத்துக்கு மூத்த மகள் கட்டிக் கொடுத்த சாப்பாடு இருந்தது. அதைத் தான் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கீழே ஏழு வளைவுகளையும் நடந்தார். இரண்டாவது வளைவில் நின்று தேடிப் பார்த்தார். தைல மரம் ஒன்றுகூட இல்லை. சுனை இருந்த இடத்தில் சிமெண்ட் தொட்டி. மூன்றாவது வளைவில் நிஜமாகவே ஒரு பெரியவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார், பூச்சிமருந்து அடிப்பவர்களை மேற்பார்க்க. காலையில் பார்த்தது அவரைத்தான்.

சாம்பல் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார். சாப்பாட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, போசிக்காக மன்னிப்புக் கேட்டார். அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். "எலுமிச்சைச் சோறா? சரி, கெடக்கட்டும் விடுங்க" என்று மேலே ஏறிப் போய்விட்டாள்.

டீச்சர் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். நோட்டு மடியில் திறந்து கிடந்தது. நீல மையில், குலாமின் சாய்ந்த எழுத்து.

"நல்ல கையெழுத்து" என்றார்.

"ஆமாங்க."

"ஒரு நோட்டை எத்தனை போட்டிக்கு வச்சுக்குவாரு?"

விஜயரங்கம் நோட்டைப் பார்த்தார்.

"ஒண்ணுக்குங்க" என்றார். "முந்தின நாள் திரும்பவும் ரோட்டைப் பாத்துட்டு வந்து, புதுசா எழுதுவான். போன வருசம் போன ரோடுதானேடான்னு சொன்னா அடிக்க வருவான்."

சட்டைப் பையில் போன் அடித்தது. கொச்சி டாக்டர். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். விஜயரங்கம் எதிரே நின்ற சாம்பல் வண்டியைப் பார்த்தார். மேலே, வளைவுகளுக்கு அப்பால், சிவப்பு வண்டி நிற்கும் திசையைப் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னன்னு சொல்லட்டுமுங்க டீச்சர்?"

டீச்சர் கையை நீட்டினார். அவர் போனைக் கொடுத்தார்.

"வணக்கம் டாக்டர். நான் சாரோட டீச்சர் பேசறேன்" என்றார் பிலோமினா. "சார் இன்னும் ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பாக்கலைங்க. பாத்துட்டுச் சொல்லுவாரு."