தாணுமாலயனின் நாற்பது ஜோடிகள்

ஆட்டோக்காரர் தாணுமாலயனுக்கு ஐம்பத்து மூன்று வயதில் அரண்மனை கைடு ஆகும் ஆசை வந்தது. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் கைடு தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டார். கிச்சனைக் காட்டி, "ராஜாவின் சிக்கன் இருநூறு அடி நீளம்" என்று ஆங்கிலத்தில் முழங்கினால் யார் பாஸ் போடுவார்? மூன்றாவது தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. அதிலும் தவறினால் பிறகு எழுத விடமாட்டார்கள்.

ஆங்கிலம் கற்றுத்தந்த ஜாஸ்லினுக்கு வயது இருபத்தாறு. பேக்கரி மாடியில் வகுப்பு. அவள் முன் தாணுமாலயன் நோட்டைப் பிரித்து வைத்தார். நடுவில் கோடு. இந்தப் பக்கம் கடன் வாங்கும் 'பாரோ', அந்தப் பக்கம் கடன் கொடுக்கும் 'லெண்ட்'. இப்படி நாற்பது ஜோடி.

"டீச்சர், ரெண்டையும் சேத்து வச்சுத்தான் தினமும் படிக்கேன். படிக்கப் படிக்கக் குழம்புது. எப்படிப் பிரிச்சறியுறது?"

"கீழ போய் டீ குடிப்போம், அண்ணாச்சி."

பேக்கரியை நடத்துபவர்கள் கிங்ஸ்லியும் ஸ்டான்லியும். இரட்டையர். கல்லாவில் எப்போதும் ஒட்டிக்கொண்டே நிற்பார்கள்.

"இப்ப டீ தந்தது யாரு?" என்று கேட்டாள் ஜாஸ்லின்.

"ஸ்டான்லி."

"கிங்ஸ்லி" என்றார் டீ தந்தவர்.

"மூணு வருசமா இங்க டீ குடிக்கீங்க, அண்ணாச்சி."

"நானும் மூக்கையும் மீசையையும் ஒத்துப் பாத்துட்டுத்தான் இருக்கேன். ரெண்டு பேரும் ஒண்ணா நிக்காங்களே!"

ஜாஸ்லின் கிங்ஸ்லியிடம் சொன்னாள்: "இந்த வாரம் முழுக்க மாவு வாங்க இவர் வண்டியில போங்க. நீங்க மட்டும்." ஸ்டான்லியிடம், "அடுத்த வாரம் நீங்க" என்றாள்.

இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் வகுப்பு நடக்கும்போது படியில் இருமல் கேட்டது. தாணுமாலயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாரும் கிங்ஸ்லி!"

வந்தது கிங்ஸ்லிதான்.

"எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள் ஜாஸ்லின்.

"எதையும் வைக்கல டீச்சர். கிங்ஸ்லியை எனக்குத் தெரியாதா? மாவுக் கடை போய்ச் சேருமுன்ன பெண்டாட்டிக்கு மூணு தடவை போன் போடுவாரு. அவ்வளவு பாசம்!" சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. கிங்ஸ்லி வெட்கத்தில் நெளிந்தார்.

ஜாஸ்லின் கத்தரிக்கோலை எடுத்தாள். நோட்டுத் தாள்களை நடுக்கோட்டோடு நறுக்கினாள். பாரோ இருந்த பாதியை அவரிடம் நீட்டினாள். மறுபாதியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தாணுமாலயன் அவள் பையை எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், தேர்வுக்குப் பதினாறு நாள்தான் இருக்கு! மத்த பாதி?"

"கிங்ஸ்லி இறங்கின பிறகுதானே அண்ணாச்சி, ஸ்டான்லி ஏறினாரு?"