அழத் தெரிந்த முதலை

மருதங்காட்டு மடுவில் செதிலன் என்றொரு முதலை இருந்தது. அதற்கு நடிப்பு என்றால் உயிர்.

அந்தக் காட்டில் பெரிய நாடகம் பாறை மேடையில்தான் நடக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, மழைத் திருவிழாவன்று. நடத்துவது தோகைமாறன் என்ற மயில். செதிலனுக்கு வருடா வருடம் ஒரே வேடம். மானின் காலைக் கவ்வ வேண்டும், புலியிடம் அடி வாங்க வேண்டும், செத்துப்போக வேண்டும். நிம்மதியாகச் சாகக்கூட விடமாட்டார்கள். "சீக்கிரம் சாவுப்பா, புலி பாடணும்" என்று மயில் திரைக்குப் பின்னாலிருந்து அவசரப்படுத்தும்.

ஒருநாள் செதிலன் தயங்கித் தயங்கிக் கேட்டது. "ஐயா, ஒரே ஒரு தடவை அழுகிற வேஷம் குடுங்களேன். எனக்கு நல்லா வரும்."

மயில் விழுந்து விழுந்து சிரித்தது. "நீ அழுதா எவன் நம்புவான்? முதலைக் கண்ணீர்னுதானே ஊரே சொல்லுது!"

பக்கத்து மரத்தில் துடுக்கன் என்ற குரங்கு இருந்தது. அதற்கு இது போதாதா? அன்றிலிருந்து செதிலன் தலையைக் காட்டினாலே, "வந்துட்டாரு கண்ணீர் வியாபாரி" என்று கத்தும். காடே சிரிக்கும். செதிலனும் கூடச் சேர்ந்து சிரித்துவைக்கும். உள்ளுக்குள் அதற்கு வலித்தது. தன் அழுகையை ஒரு தடவையாவது நாலு பேர் நம்ப வேண்டும் என்பதுதான் அதன் ஆசை.

அந்தச் சமயத்தில் நுணலி என்ற தவளை ஒரு புது வேலையைத் தொடங்கியது. காட்டோரக் குட்டையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு தொடர் நாடகம். மேடை எல்லாம் கிடையாது. மிதக்கும் மரக்கட்டை ஒன்றுதான். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகலாம். வர முடியாதவர்கள் மைனாவைக் கூப்பிட்டால் போதும்; அன்றைய பகுதியை அதே குரலில், அதே இருமலோடு, வீட்டு வாசலிலேயே நடித்துக் காட்டிவிடும்.

நுணலி செதிலனைத் தேடி வந்தது. "வெள்ளத்துல குட்டியைத் தொலைச்ச ஒரு அப்பன். கரை கரையாத் தேடுறான். இதான் கதை. நடிக்கிறியா தம்பி?"

விஷயம் மயிலுக்கு எட்டியது. "குட்டையில நடிச்சா உன் மதிப்பு என்ன ஆகும்? அப்புறம் பாறை மேடைப் பக்கம் வராதே" என்று மிரட்டியது.

செதிலன் யோசித்துப் பார்த்தது. பாறை மேடையில் அதற்கு இருந்த மதிப்பு, செத்ததும் வாலைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போடுகிற மதிப்புதான். "நடிக்கிறேன் அக்கா" என்றது.

முதல் பகுதியில் குட்டி தொலைந்தது. செதிலன் உயிரைக் கொடுத்து அழுதது. கரையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துடுக்கன் கிளையிலிருந்து விழாத குறை.

செதிலன் மரக்கட்டைக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. "போதும் அக்கா. நான் கவ்வுறதுக்குத்தான் லாயக்கு."

நுணலி கட்டையிலிருந்து எட்டிப் பார்த்தது. "எனக்கும் ஒண்ணும் புரியல தம்பி. ஆனா கதை இன்னும் நிறைய இருக்கு" என்றது.

செதிலன் தலையை வெளியே நீட்டியது. "நாளைக்கும் இருக்கு, மறுநாளும் இருக்கு. இல்லியா? அப்ப நான் இனிமே அழல. தேட மட்டும் செய்றேன்."

மறுநாள் நாணலை விலக்கித் தேடியது. கொக்கிடம் கேட்டது; கொக்கு பயந்து பறந்தது. ஆமையிடம் கேட்டது, ஆமை ஓட்டுக்குள் போய்விட்டது. "சரிங்க, வரேங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கரைக்கு நீந்தியது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கரை. ஒவ்வொரு கரையிலும் அதே "சரிங்க, வரேங்க". போகப்போக, பார்ப்பவர்கள் சிரிப்பதை விட்டார்கள். மான்கள் தண்ணீர் குடித்த பிறகும் நகராமல் நின்றன. ஒருநாள் எருமைக்குப் பொறுக்கவில்லை. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னவாம் அந்த ஆமைக்கு?" என்று கரையிலிருந்தே திட்டியது. பாவம், நடித்த ஆமை அன்று வீட்டுக்குப் போகவே பயந்தது.

கதை மைனாக்களோடு மலைக்கு அந்தப் பக்கமும் போனது.

கடைசிப் பகுதியில் அப்பன் குட்டியைக் கண்டுபிடித்தது. அது ஒரு வாத்துக் குடும்பத்தோடு சந்தோஷமாக விளையாடிக்கொண்டிருந்தது. "நீங்க யாரு?" என்று கேட்டது.

செதிலன் வெகுநேரம் அதையே பார்த்தது. "வழி தவறி வந்துட்டேன் கண்ணு" என்றது. "சரிங்க, வரேங்க" என்று வாத்துகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நீந்தியது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கரையில் இருந்தவர்கள்தான் விம்மினார்கள். துடுக்கன் வாலால் முகத்தைத் துடைத்தபடி, "கண்ணுல தூசி" என்றது.

மழைத் திருவிழா வந்தது. மலைக்கு அப்பாலிருந்தெல்லாம் கூட்டம் வந்து, "செதிலன் நடிக்கலியா?" என்று கேட்டது. மயில் பதறியடித்துக்கொண்டு குட்டைக்கு வந்தது; பின்னாலேயே கூட்டமும் வந்தது.

"தம்பி, இந்த வருஷம் உனக்குப் பெரிய வேஷம். ரெண்டு மானைக் கவ்வலாம்!"

"கவ்வினது போதும் ஐயா. போர்ல மகனைப் பறிகொடுக்கிற ராஜா வேஷம் குடுங்க, வரேன்."

"அது புலியோட வேஷமாச்சே!" மயில் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. எச்சிலை விழுங்கியது. "சரி, எடுத்துக்கோ. ஆனா அழுதுடாத. சிரிச்சிடுவாங்க."

"அழறதுக்குத்தான் ஐயா வரேன்."

அன்று பாறை மேடையில் செத்துக் கிடந்தது புலி. அதன் முன்னால் ராஜாவாக நின்றது செதிலன். மகனின் முகத்தைப் பார்த்தது. பிறகு அழுதது. கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பின்வரிசையில் வெளியூர்க் கழுதைப்புலி ஒன்று, "முதலைக் கண்ணீர்டா!" என்று சிரித்தது.

மரத்திலிருந்து துடுக்கன் பொத்தென்று அதன் முன்னால் குதித்தது. "வாயை மூடு. அழறது எங்க செதிலன்."

கழுதைப்புலி வாயை மூடிக்கொண்டது. செதிலன் ஆசை தீர, நிதானமாக அழுது முடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. திரை விழுந்ததும் காடே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. செத்துக் கிடந்த புலிகூட எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது.

சின்ன மேடைதானே என்று ஒதுக்காமல் அதில் முழு மனதோடு உழைப்பவரைப் பெரிய மேடை ஒருநாள் தானே தேடி வரும்.