நாணலில் காது வைக்கும் முறை

சுமேர் நாட்டில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு சதுப்பு. அதன் கரையில் ஓர் ஆமை குழி பறித்துப் பன்னிரண்டு முட்டை இட்டிருந்தது. குஞ்சு பொரிக்க இன்னும் மூன்றே நாள்.

அந்தச் சதுப்புக்கு இரண்டு சாமி. காற்றுக்கு என்லில், அவரைத் தவளைகள் கும்பிடும். தண்ணீருக்கு என்கி, அவரை நீர்நாய்கள் கும்பிடும். அண்ணன் தம்பிதான், ஆனால் ஒருவருக்கொருவர் ஆகாது. முன்னொரு காலத்தில் பூமியின் கூச்சலில் தூக்கம் கெட்டு என்லில் பெருவெள்ளத்தை ஏவினாராம். 'யாரிடமும் மூச்சு விடக்கூடாது' என்று மற்ற சாமிகளிடம் சத்தியமும் வாங்கினாராம். என்கி யாரிடமும் சொல்லவில்லை. நாணல் தட்டியைப் பார்த்துச் சொன்னார். தட்டிக்குப் பின்னால் படுத்திருந்த ஒரு மனிதன் அதைக் கேட்டான். படகு கட்டினான், பிழைத்தான்.

அன்றிலிருந்து சதுப்பில் ஒரு வழக்கம். விடியும்போது ஒருவர் நாணலில் காது வைக்க வேண்டும். தண்டு நடுங்கினால் மேலே வெள்ளம் புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே எல்லோரும் கூடிக் கரைக்குச் சேறு அணைப்பார்கள். ஒரு நாள் தவளை முறை, மறுநாள் நீர்நாய் முறை.

அன்று நீர்நாய் முறை. அது நாணல் பக்கம் போகும்போதே தூர தேசம் போயிருந்த கொக்கு வந்து இறங்கியது.

"நம்ம வெள்ளக் கதையை எல்லா ஊரிலும் சொல்றாங்கப்பா," என்றது கொக்கு. "ஒரு ஊர்ல சாமி ஒருத்தர்தான். வெள்ளம் விட்டதும் அவரே, படகு கட்டச் சொன்னதும் அவரே. இன்னொரு ஊர்ல சாமியே மீனா வந்து படகை இழுத்துட்டுப் போச்சாம்."

"மீனா? அப்போ தண்ணிச் சாமி. எங்க என்கி!" என்றது நீர்நாய்.

"போடா. வெள்ளம் விட்டவர்தான் பெரியவர். அந்த ஒத்தைச் சாமி எங்க என்லில்தான். உங்க சாமி சத்தியத்தை மீறின சாமி," என்றது தவளை.

"உங்க சாமி தூக்கம் கெட்டதுக்கு ஊரையே முழுக்கின சாமி."

அவ்வளவுதான். தவளைக் கூட்டம் ஒரு பக்கம், நீர்நாய்க் கூட்டம் ஒரு பக்கம். கடித்தார்கள், பிறாண்டினார்கள். கொக்கு நைசாகப் பறந்துபோனது.

ஆமை குழிப் பக்கமிருந்து கத்தியது. "அடேய், சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. நாணலை யார் கேட்டீங்க?"

"இரு அக்கா. முதல்ல இவன் மன்னிப்புக் கேட்கட்டும்," என்றது நீர்நாய்.

"இன்னைக்கு எங்க முறை இல்லை அக்கா," என்றது தவளை.

ஆமையே நகர்ந்து நகர்ந்து போனது. ஆமை நடை தெரியுமே, போய்ச் சேர உச்சிப்பொழுது. நாணலில் தலையை வைத்தது. தண்டு கிடுகிடுவென்று நடுங்கியது. "வெள்ளம் வருது!" என்று கத்தியது. அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? திரும்பி வந்து நான்கு காலாலும் தனியாகச் சேறு தள்ளியது. பாதிக் கரை எழும்பும் முன்னே தண்ணீர் வந்துவிட்டது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். முட்டைக்கு ஏது கை கால்?

வடிந்த பிறகு குழி இருந்த இடமே தெரியவில்லை. இரண்டு கூட்டமும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தன.

"என்லில் கோபம் அக்கா, நாம என்ன செய்ய?" என்றது தவளை.

"உன் பிள்ளைகளை என்கி தன்னோட வச்சுக்கிட்டார் அக்கா," என்றது நீர்நாய்.

ஆமை நிமிர்ந்து பார்த்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"என்லில் கோபமும் இல்லை, என்கி எடுக்கவும் இல்லை. சாமி எந்தப் பேருல வந்தாலும் எல்லா ஊர்க் கதையிலும் ஒருத்தன் காது கொடுத்துக் கேட்டான், அதனால பிழைச்சான். நீர்நாயே, இன்னைக்கு உன் முறை. நீ கேட்கலை. இவன் முறை இல்லைன்னு இவனும் கேட்கலை. என் பன்னிரண்டையும் கொன்னது நீங்க ரெண்டு பேரும். இனி என்னை அக்கான்னு கூப்பிடாதீங்க."

சாமி பேரைச் சொல்லிச் சண்டை போடுகிறவனுக்குத் தொண்டை வலிப்பதோடு சரி. முழுகிப் போவது பக்கத்து வீட்டுப் பிள்ளை.