ஒரு மதிப்பெண் குறைந்த அணி

மனமகிழ் மன்றத்தின் வினாடி வினா முடிவைக் கேட்டு எல்லோரும் அதிர்ந்து போனார்கள். மன்றத் தலைவர் குலசேகரனின் மருமகன் நவநீதனின் அணி இருபதுக்கு இருபது. அது ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆனால் மன்றத்தின் கேன்டீனில் தோசை ஊற்றும் செண்பகவல்லியும் உடன் வேலை செய்யும் மூன்று பேரும் சேர்ந்த அணி பத்தொன்பது!

கேள்வி தயாரித்தவரும் திருத்தியவரும் குலசேகரன்தான். அவர் மேடையிலிருந்தே கத்தினார்.

"தோசைக் கரண்டி பிடிக்கிற கைக்குப் பத்தொன்பதா? என் மேசையில இருந்த விடைப் பட்டியலைப் பார்த்திருக்கே. பார்க்கலைன்னு இங்கேயே நிரூபி. இல்லைன்னா நாளையிலிருந்து உங்க நாலு பேருக்கும் வேலை கிடையாது!"

பார்க்காததை எப்படி நிரூபிப்பது? கூட்டம் திகைத்தது.

செண்பகவல்லி எழுந்தாள். "ஐயா, நாங்க தப்பா எழுதினது எந்தக் கேள்வி?"

"ஒன்பதாவது. வானவில்லில் எத்தனை நிறம்?"

"நாங்க என்ன எழுதியிருந்தோம்?"

"ஏழு."

"ஏழு சரிதானே?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

குலசேகரன் பட்டியலைக் கண்ணருகே கொண்டுபோனார். அவர் கைப்பட எழுதிய விடை '17' என்றிருந்தது. குரல் இறங்கியது. "பதினேழுன்னு... கை தவறி எழுதிட்டேன்."

"அதைப் பார்த்திருந்தா நாங்களும் பதினேழுன்னுதானே ஐயா எழுதியிருப்போம்? இருபதும் வாங்கினவங்க என்ன எழுதினாங்க? அதையும் படிங்க."

அரங்கமே நவநீதன் பக்கம் திரும்பியது. அவன் வெளுத்துப்போய் எழுந்தான்.

"நான் என்ன பண்றது மாமா? நீங்க கொடுத்ததை அப்படியே எழுதினேன்!"