வரிச்சியின் கடையில் காணாமல் போன சக்கரங்கள்

மருதங்குளத்தின் கரையில், ஒரு மரப்பொந்தில், வரிச்சி என்ற அணில் குட்டித் தேர்க் கடை வைத்திருந்தது.

வரிச்சி தேரைச் செய்து விற்காது. தேரின் பாகங்களைச் செய்து விற்கும். மூங்கில் சிம்பில் அச்சு, பனையோலையில் கூரை, புளியங்கொட்டையைக் கொறித்துக் கொறித்து நான்கு சக்கரங்கள். எல்லாவற்றையும் தேக்கிலையில் வைத்து மடித்தால் ஒரு பொட்டலம். வாங்குகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து பிசின் வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். விலை ஒரு கை பழம்.

"வேலை வெட்டி இல்லாதவங்க பண்ற காரியம்!" என்று கேலி பேசிய மிருகங்களும் உண்டு. குட்டித் தேர் ஒன்று உருண்டு ஓடுவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், மறுநாள் அவையே பழத்தோடு கடை வாசலில் நிற்கும். மழை ஓய்ந்ததும் குளக்கரையில் குட்டித் தேரோட்டம் நடக்கும். அதில் தன் தேரும் ஓட வேண்டும் என்ற ஆசை யாரைத்தான் விட்டது!

கடைக்கு வருகிறவர்களில் வரிச்சிக்கு மிகவும் பிடித்தது கூழைக்கடாவை. அவ்வளவு பெரிய பறவை, அவ்வளவு நீள அலகு, அதன் கீழே தொங்கும் பெரிய பை. பார்த்தால் எதையாவது தட்டி உடைத்துவிடும் போலிருக்கும். ஆனால் கடுகளவுப் பாகத்தைக்கூட அது பூப்போல எடுத்துப் பூப்போல வைக்கும். காலை முழுவதும் கடையிலேயே உட்கார்ந்து, "இந்த அச்சு கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும்மா, பாரு" என்று மெல்லச் சொல்லும். அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"வரிச்சி! நீ கொடுத்த பொட்டலத்துல மூணு சக்கரம்தான் இருக்கு! என் தேர் நொண்டுது!"

"நாலு வெச்சுத்தானே மடிச்சேன்?"

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

வரிச்சி மன்னிப்புக் கேட்டு இன்னொரு சக்கரம் கொடுத்தது. மறுநாள் குரங்கு வந்து கத்தியது. அதற்கடுத்து உடும்பு. எல்லாருக்கும் அதே குறை. யாரோ கடையில் மடித்து வைத்திருக்கும் பொட்டலங்களைப் பிரித்து யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு சக்கரமாக எடுக்கிறார்கள் என்று வரிச்சிக்குப் புரிந்தது. ஆனால் மற்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்? குளக்கரை முழுக்க ஒரே பேச்சுத்தான். "அணில் ஒரு கை பழம் வாங்கிட்டு முக்கால் தேர் கொடுக்குது!"

திருட்டுக் கொடுத்தது வரிச்சி. திருடி என்று பெயர் எடுத்ததும் வரிச்சி. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

தேரோட்டத்துக்குத் தலைவரான ஆமை நேரிலேயே வந்துவிட்டது. "இதோ பாரும்மா. தேரோட்டத்துக்குள்ள இதுக்கு ஒரு முடிவு கட்டு. இல்லேன்னா கடையைக் காலி பண்ணிட்டுப் போயிடு" என்றது.

வரிச்சி பொந்துக்குள் போய் அழுதது. அப்போது கொண்டலாத்திப் பறவை வந்தது. தலையில் விசிறி மாதிரிக் கொண்டை, பேச்சில் தேன். ஊரே அதைக் 'கொண்டையார்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடும். தினமும் கடைக்கு வந்து ஒவ்வொரு பொட்டலத்தையும் புரட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகும்.

"அழாதே வரிச்சி! கொஞ்சம் யோசி. திருடினதை ஒளிச்சு வைக்க இடம் வேணும் இல்லையா? யார்கிட்டப் பை இருக்கு? குரங்குக்குக் கன்னத்துல பை. கூழைக்கடாவுக்குத் தாடையில பை. நான் வேற சொல்லணுமா?"

"கூழைக்கடா அண்ணனா? சேச்சே!"

"நான் யாரையும் குத்தம் சொல்லலை. சோதிச்சுப் பாத்துடறது நல்லதுன்னுதான் சொல்றேன்."

கலங்கிப் போன மனசுக்கு யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் படும். மறுநாள் கடை வாசலில் ஓர் ஓலை தொங்கியது. 'பை உள்ளவர்கள் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகவும்.'

குரங்குக்கு வெட்கமாவது, மானமாவது! வாயை ஆவென்று பிளந்து, ஊறிக் கிடந்த நாவல் பழத்தை வரிச்சியின் காலடியில் துப்பிவிட்டு, "இதையும் எண்ணிக்கோ!" என்று சிரித்துக்கொண்டே போனது.

பின்னால் கூழைக்கடா நின்றிருந்தது. ஓலையை ஒரு முறை படித்தது. வரிச்சியைப் பார்த்தது. பிறகு தன் பெரிய அலகைத் திறந்தது. வரிச்சி எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு பாசித் துணுக்கைத் தவிர எதுவும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் கிளுக்கென்று சிரித்தார்கள். கூழைக்கடா அலகை மூடிக்கொண்டு, எதையும் வாங்காமல் பறந்து போனது. அதற்குப் பிறகு அது கடைப் பக்கமே வரவில்லை.

ஆனால் சக்கரம் காணாமல் போவது மட்டும் நிற்கவில்லை!

வரிச்சிக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. பை உள்ளவர்களைச் சோதித்தாயிற்று. இன்னும் யாரைச் சோதிப்பது? கை உள்ளவர்களையா, வால் உள்ளவர்களையா? எல்லாரையும் சோதித்தால் கடைக்கு யார் வருவார்கள்?

யோசித்து யோசித்து ஒன்று பிடிபட்டது. 'இதுவரைக்கும் என்கூடச் சண்டைக்கு வந்தவங்க எல்லாம் சக்கரத்தைப் பறிகொடுத்தவங்க. எடுத்தவன் எதுக்குச் சண்டைக்கு வரப் போறான்? சக்கரம் குறைஞ்சாலும், திருடி வெச்சது கையில இருக்கிறதால அவனுக்குக் குறை தெரியாதே!'

தேரோட்டத்துக்கு முதல் நாள் கடையில் ஒரே கூட்டம். முயல், உடும்பு, குரங்கு, கீரி, கொண்டலாத்தி எல்லாரும் புதுப் பொட்டலம் வாங்க வந்திருந்தார்கள்.

"நாலு சக்கரமும் இருக்குல்ல?" என்றது முயல்.

"இருக்கு, நீங்களே பாருங்க" என்று காட்டிவிட்டு வரிச்சி இலையை மடித்தது. மடிக்கும்போதே ஒரு சக்கரத்தைத் தன் கைக்குள் சுருட்டிக்கொண்டது. எல்லாப் பொட்டலத்திலும் அப்படியே செய்தது. இந்த யோசனை பலிக்காவிட்டால், ஊர் சொன்ன பழி உண்மையாகவே ஆகிவிடும்! கொண்டலாத்தி மட்டும் பொட்டலத்தைப் பார்க்கவே இல்லை. "உன் கைமேல எனக்கு நம்பிக்கை இருக்கும்மா" என்று வாங்கிக்கொண்டு போனது.

பொழுது சாய்வதற்குள் வாசலில் பெரிய கலவரம்.

"என் கண் முன்னாடியே எடுத்திருக்கியே! உன்னையெல்லாம்!" என்றது முயல்.

"என்கிட்டயேவா!" என்று குரங்கு கிளையைப் பிடித்து உலுக்கியது.

வரிச்சி திட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அவரவர் சக்கரத்தைக் கொடுத்து அனுப்பியது. எல்லாரும் வந்தார்கள், கொண்டலாத்தியைத் தவிர.

மறுநாள் தேரோட்டம். கரை நிறையத் தேர்கள் அணிவகுத்து நின்றன. கொண்டலாத்தியின் தேர்தான் எல்லாவற்றிலும் பெரியது. கீழே சக்கரங்கள், பக்கவாட்டில் அலங்காரத்துக்குச் சக்கரங்கள், உச்சியில்கூடச் சக்கரங்கள்! எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

வரிச்சி எல்லார் முன்னாலும் போய் நின்றது. "கொண்டையாரே, நேத்து வாங்கின பொட்டலத்துல எல்லாம் சரியா இருந்ததா?"

"அச்சு, கூரை, நாலு சக்கரம், எல்லாம் கச்சிதம்! ஒண்ணுகூடக் குறையலை!"

"குறைஞ்சிருக்கணுமே! நேத்து எல்லாப் பொட்டலத்துலயும் ஒரு சக்கரத்தை எடுத்தது நான்தான். உங்க சக்கரம் இதோ, இன்னும் என் கையிலதான் இருக்கு."

கொண்டலாத்தி திடுக்கிட்டது. பயந்தால் கொண்டை விரியும் சாதி ஆயிற்றே! கொண்டை படக்கென்று விரிந்தது. இறகுகளுக்கு நடுவே செருகி வைத்திருந்த சக்கரங்கள் பொலபொலவென்று தரையில் கொட்டின.

"அடப்பாவி!" என்றது குரங்கு.

"புளியங்கொட்டைதானே! கடுகத்தனை சாமான். இதுக்குப் போய்..." என்று கொண்டலாத்தி இழுத்தது. "சக்கரம் செதுக்க எனக்கு வரலை. அதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"உங்களுக்கு அது கடுகத்தனை" என்றது வரிச்சி. "வாங்கினவங்களுக்கு ஒரு தேரே போச்சு. எனக்கு என் பேரே போச்சு."

ஆமை தலையை ஆட்டியது. எல்லாரும் போய்த் திருட்டுச் சக்கரங்களைக் கழற்றி வரிச்சியிடம் கொடுத்தார்கள். பெரிய தேர் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டது. கொண்டலாத்தி தலை நிமிராமல் குளத்தைத் தாண்டிப் பறந்து போனது. முயலும் உடும்பும் வரிச்சியிடம் வந்து மன்னிப்புக் கேட்டன. அன்றைக்குத் தேர்கள் எல்லாம் நொண்டாமல் ஓடின. ஆனால் வரிச்சிக்கு அதைப் பார்க்க மனம் இல்லை. நல்லதாக ஒரு பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு கூழைக்கடாவின் மரத்துக்கு ஓடியது.

"அண்ணே, திருடன் பிடிபட்டுட்டான். என்னை மன்னிச்சிடுங்க."

"கேள்விப்பட்டேம்மா. உன் பேர் மேல இருந்த பழி போச்சே, அது போதும். அந்த ஓலையைப் பாத்தபோதுகூட எனக்கு ஒண்ணும் தோணலை" என்றது கூழைக்கடா. பிறகு குளத்தைப் பார்த்தபடியே சொன்னது. "நான் வாயைத் திறந்தேன். நீ 'வேணாம்ணே'ன்னு சொல்லுவேன்னு நெனைச்சேன். ஆனா எட்டிப் பாத்தியே வரிச்சி!"

வரிச்சிக்குக் கண்ணீர் வந்தது. கூழைக்கடா அதன் முதுகை அலகால் மெல்லத் தடவிக் கொடுத்தது. பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டது.

சில நாள் கழித்து அது கடைக்கு வந்தது. வரிச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் வாசலில் நின்று, "உள்ளே வாங்கண்ணே, வாங்க!" என்று கூப்பிட்டது.

"இங்கேயே நிக்கிறேம்மா. காத்து நல்லா வருது. நீயே ஒரு பொட்டலம் எடுத்துக் கொடு" என்றது கூழைக்கடா.

அதற்குப் பிறகும் அது வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எத்தனை தடவை கூப்பிட்டும் கடைக்குள் மட்டும் கால் வைக்கவே இல்லை.

திருட்டுப் போன பொருளை மறுபடி செய்துகொள்ளலாம், ஆனால் நல்லவரைச் சந்தேகப்பட்டுத் தொலைத்த நம்பிக்கையை அப்படிச் செய்துகொள்ள முடியாது.